சிந்து கை மாவு

திருவண்ணாமலையில் இட்லி சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குச் சிந்துஜாவின் வலது கையைத் தெரியும். முகத்தைத் தெரியாது. ஐந்து விரலும் விரிந்த அந்தக் கை பச்சை மையில் மாவுப் பாக்கெட்டின் நடுவே அச்சாகியிருக்கும். கீழே ‘சிந்து கை மாவு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கடைக்கு வருகிறவர்கள் பேரைக்கூடச் சொல்வதில்லை. “கை பாக்கெட் ஒண்ணு குடுப்பா” என்றுதான் கேட்பார்கள். ஊர் முழுக்கச் சுற்றி வந்த அந்தக் கைக்குச் சொந்தக்காரியோ, அடி அண்ணாமலையில் வீட்டை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகைக்குள் காலையும் மாலையும் டிரம்முக்குள் முழங்கை வரை விட்டு மாவு கலக்கிக்கொண்டிருந்தாள்.

கொட்டகையை நடத்தியவன் அவள் புருஷன் வளவன். அவன் படித்தது நிர்வாகப் படிப்பு, அதிலும் ஆபரேஷன்ஸ். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவன். எந்தப் பொருள் எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவன் மண்டைக்குள் வேறு எதுவும் ஓடாது. ஆனால் கெட்டிக்காரன், அதைச் சொல்லியாக வேண்டும். மற்ற மாவுக்காரர்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வண்டியைக் கிரிவலப் பாதையில் மாட்டிவிட்டுக் கூட்டத்துக்கு நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். இவன் போலீஸ் தடுப்பு போடும் முன்பே வேனை வெளியே அனுப்பிவிடுவான்; பாதைக்குள் இருக்கும் கடைகளுக்கு முந்தின நாளே தள்ளுவண்டிகளை ஆங்காங்கே நிறுத்திவிடுவான். இட்லிக் கடைக்காரர்களுக்கு அவன் ஒரு வார்த்தை தவறியதில்லை. தொழில் வளர்ந்ததற்கு அதுதான் காரணம், பச்சைக் கை அல்ல. இது அவனுக்கும் தெரியும். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

“ஒண்ணு கெட்டா இன்னொண்ணு நிக்கணும்” என்பது அவன் வேதம். கிரைண்டருக்கு மாற்று கிரைண்டர், வேனுக்கு மாற்று வேன், கரண்டுக்கு ஜெனரேட்டர், டிரைவருக்கு இன்னொரு டிரைவர். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு பேர் இருப்பார்கள். ‘கலக்குதல்’ என்ற வரியில் மட்டும் சிந்து என்ற ஒரே பெயர்.

அதனால் அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் கொட்டகைக்கு வர வேண்டும். கீழ்பென்னாத்தூரில் சொந்தத் தங்கை அபிநயாவின் கல்யாணத்துக்குத் தாலி கட்டும் நேரத்துக்குப் போய், பந்தியில் உட்காராமலேயே திரும்பினாள். மாவு காத்திருந்தது. கிரிவலப் பாதையிலேயே வாழ்க்கைப்பட்டும் அவள் ஒரு பௌர்ணமிக்குக்கூட மலையைச் சுற்றியதில்லை. லட்சக்கணக்கான பேர் வாசல் வழியாக நடந்து போவார்கள். இவள் உள்ளே உப்புப் போட்டுக்கொண்டிருப்பாள்.

இதில் பெரிய வேடிக்கை, சிந்துஜா படித்தது மைக்ரோபயாலஜி. மாவு ஏன் பொங்குகிறது என்பதற்கு அவள் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள். அப்படிப்பட்டவள், தன் கை பட்டால்தான் மாவு பொங்கும் என்ற கைராசியை எப்படி நம்பினாள் என்று கேட்கலாம். நம்பினாள் என்று சொல்ல முடியாது. மறுக்காமல் இருந்தாள். அதற்குக் காரணம் அவள் மாமியார் ஜோதியம்மாள்.

கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்த மாதமே மாமனார் சுப்பிரமணி கழனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். “கால் வெச்ச நேரம்” என்று ஜோதியம்மாள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எதிரே வராதே என்பாள். கோயில் விபூதியை வேறு யார் கையாலோ வாங்கிக்கொள்வாள். மருமகள் ஊற்றிக் கொடுத்த காப்பியைக் கீழே வைக்கச் சொல்லி அப்புறம் எடுத்துக்கொள்வாள். பிறகு வளவன் வேலையை விட்டு வந்து மாவுத் தொழில் ஆரம்பித்தான். முதல் வாரத்தில் மாமியார் ஒரு பாத்திரம், மருமகள் ஒரு பாத்திரம் கலந்து வைத்தார்கள். மாமியாருடையது களிமண்ணாகக் கிடந்தது. மருமகளுடையது மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றது. அன்றைக்கு ஜோதியம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தெருவெல்லாம் போய்ச் சொன்னாள். ராசியில்லாதவள் ராசிக்காரியானாள். அந்தப் பெயரை வேண்டாம் என்று சொல்ல எந்த மருமகளுக்கு மனசு வரும்?

சித்ரா பௌர்ணமிக்கு முந்தின வாரம் அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. மாவட்டத் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை. ரொம்ப நாள் முன்பு எழுதிப் போட்டிருந்தாள், கிடைக்காது என்று மறந்தும் போயிருந்தாள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் நேர்காணல், பௌர்ணமியன்று காலை. வேங்கிக்கால் என்ன சீமையா? மலைக்கு அந்தப் பக்கம், ஸ்கூட்டரில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். அங்கே போக முடியுமா என்று அவள் ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் கிடந்தாள். இந்தக் கொட்டகைக்கு வெளியே தனக்கென்று ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பகலில் கை காய்ந்திருக்கிற ஒரு வேலை. அது இல்லாமல் இனி இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

வளவனிடம் நேரடியாகக் கேட்டாள்.

“ஏங்க, எல்லாத்துக்கும் மாத்து வெச்சிருக்கீங்க. எனக்கு ஒண்ணு வைங்களேன்.”

“உனக்கு எப்படி வைக்கறது சிந்து? நீதான் பிராண்டே.”

“ஹபீபு அக்கா ஒரு டிரம்மு கலக்கட்டும். பொங்குதா பாப்போம்.”

“முன்னாடியே ரெண்டு தபா பாத்தாச்சே. பொங்கலையே.”

“இன்னொரு தபா.”

அவன் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “சரி, பாரு” என்றான்.

ஹபீபுன்னிசா கிரைண்டர் வேலைக்காரி. டவுனிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். கணவர் அய்யூப் தையல்காரர். நாலு மணியானால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த நேரத்தில் மலையே இடம் பெயர்ந்து வந்தாலும் நிற்க மாட்டாள். அன்று சாயந்தரம் போவதற்கு முன் அவள் ஒரு டிரம்மைக் கலக்கினாள். அதே அரிசி, அதே உளுந்து, அதே உப்பு. பக்கத்திலேயே சிந்துஜா மற்ற டிரம்களைக் கலக்கினாள்.

காலையில் வந்து பார்த்தால் மற்றதெல்லாம் கழுத்து வரை எழும்பி நின்றன. ஹபீபுன்னிசா கலந்தது வைத்த அளவிலேயே கிடந்தது. வேலைக்காரப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். ஜோதியம்மாள் பெருமையில் பூரித்துப்போனாள். “நான் சொல்லல? என் மருமவ கை பட்டாத்தான்டி எழும்பும்.”

“சரிதான்மா, எனக்கு அந்தக் கை இல்ல” என்று ஹபீபுன்னிசா சிரித்துவிட்டு உளுந்து கழுவப் போனாள்.

சிந்துஜாவுக்கு அழுகை முட்டியது. டிரம்மின் பக்கத்தில் குந்தி அதன் மேல் நெற்றியைச் சாய்த்தாள். சில்லென்றிருந்தது. சடாரென்று தலையைத் தூக்கினாள். அடிப்பக்கத்தைத் தடவினாள், முத்து முத்தாக வியர்த்து, தரையில் வட்டமாக ஈரம். பக்கத்து டிரம்மைத் தொட்டாள், வெதுவெதுப்பாக இருந்தது. சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக்குள், ஒரு டிரம் மட்டும் குளிர்ந்திருக்கிறது என்றால் அது ராத்திரி முழுக்கக் குளிர் அறைக்குள் இருந்திருக்க வேண்டும்.

பொங்கின மாவு மேலும் புளிக்காமல் நிறுத்தி வைக்கத்தான் அந்தக் குளிர் அறை. அதன் சாவி வளவன் இடுப்பைவிட்டு இறங்காது. எல்லாவற்றுக்கும் இரண்டு வைத்தவன் அந்தச் சாவிக்கு மட்டும் இரண்டாவது போடவில்லை. ஏன் என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அரிசி மூட்டை அடுக்கிய அறைக்குள் அவனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“ஹபீபு அக்கா டிரம்ம உள்ள வெச்சது நீங்கதான?”

அவன் பொய் சொல்லவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்தான். “ஆமா.”

“முன்னாடி ரெண்டு தபாவும்?”

“ஆமா சிந்து.”

“ஏங்க இப்படிப் பண்றீங்க? நான் மனுஷிதான?”

“பௌர்ணமி அன்னிக்கு மெட்ராஸ்லேர்ந்து இளஞ்செழியன் சார் வர்றாரு. அவங்க கடை எல்லாத்துலயும் நம்ம மாவு போகப் போவுது. அவரு மாவப் பாக்க வரல, உன் கைய வீடியோ எடுக்க வர்றாரு. மாவு எவன்கிட்டயும் இருக்குது. கை நம்மகிட்டதான் இருக்குது. இப்பப் போய் யாரு கையா இருந்தாலும் பொங்கும்னு நானே எப்படிக் காட்டுவேன்?”

“நான் வேங்கிக்காலுக்குப் போவணும். அதே நாளு.”

“அடுத்த தடவ பாக்கலாம்.”

“இல்ல. நான் அத்தகிட்டயே சொல்லிடறேன்.”

அவன் நிமிர்ந்தான். குரல் தணிந்துவிட்டது. “இன்னான்னு சொல்லுவே? கை ராசி எல்லாம் பொய்யினு சொல்லுவியா? சொல்லிட்டு மறுநாள் அந்த வீட்ல எப்படி இருப்பே? மொத தடவ அம்மா கலந்த மாவு ஏன் பொங்கல தெரியுமா? நான்தான் அத எடுத்து ஃப்ரிட்ஜுல வெச்சேன். நீ குடுத்த காப்பியக் கீழ வைக்கச் சொல்லுவாங்களே, அத என்னால பாக்க முடியல. எனக்கு வேற வழி தெரியல சிந்து.”

இத்தனை வருஷமாகச் சிந்துஜாவைத் தலை நிமிர்ந்து நடக்க வைத்தது இவன் செய்த திருட்டுத்தனம். அதைவிட அன்பாக அவளுக்கு யாரும் எதையும் செய்ததில்லை. அவளை இப்படி யாரும் கட்டிப் போட்டதும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. நன்றியில் வந்ததா, ஆத்திரத்தில் வந்ததா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. வெளியே ஜோதியம்மாள் யாரிடமோ மருமகளின் கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

பௌர்ணமி விடிந்ததும் வேலை வழக்கம்போல ஓடியது. பொங்கின மாவு பாக்கெட்டாகி வேனில் ஏறியது. தடுப்பு போடும் போலீஸ்காரர்களிடம் பேசி வேனை வெளியே கொண்டுபோக வளவனே முன்சீட்டில் ஏறிக்கொண்டான். ஏறும்போது குளிர் அறைச் சாவியைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். பாதைக்குள் நிறுத்திய தள்ளுவண்டிகள் திரும்பி வரும்போது மிச்சப் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். பௌர்ணமியன்று அவள் எங்கே போய்விடுவாள் என்ற தைரியம். அவன் சந்தேகப்பட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அவள் மிச்சப் பாக்கெட்டையெல்லாம் எடுத்துத் தள்ளுவண்டிகளில் ஏற்றி அனுப்பினாள். ஒரு கடைக்குக்கூடக் குறை வைக்கவில்லை. வளவனிடம் கற்ற தொழில் அது. பிறகு குளிர் அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். புடவை மாற்றிச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு ஹபீபுன்னிசாவிடம் வந்தாள்.

“அக்கா, இன்னிக்கு எல்லா டிரம்மும் நீங்கதான் கலக்கணும்.”

“எதுக்கு சிந்துமா? பொங்காதே. அண்ணன் கத்துவாரு.”

“பொங்கும். நான் சொல்றேன்ல, பொங்கும். நான் ஒரு எடத்துக்குப் போய்ட்டு வந்துடறேன்.”

வாசலில் செருப்பு மாட்டும்போது கால் தடுமாறியது. பக்கத்தில் கவிழ்த்து வைக்காமல் நின்ற வெறும் டிரம்மைப் பிடித்துக்கொண்டாள். ஜோதியம்மாள் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்கடி?” என்று அவள் கேட்பதற்குள் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் விலாசத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அடி அண்ணாமலை சிந்துஜான்னா, அந்தக் கை மாவு நீங்களாம்மா? எங்க வீட்ல அதுதான். நெஜமாவே உங்க கையாலதான் பொங்குதா?”

சிந்துஜா மடியில் இருந்த சான்றிதழ்களை மேஜை மேல் வைத்தாள். பிறகு சொன்னாள்.

“கை இல்லீங்க மேடம். உளுந்துலயே பாக்டீரியா இருக்குது. டிரம்முல ஒட்டியிருக்கிற பழைய மாவுல இருக்குது. சூடு இருந்தா அது தானா வேலை செய்யும். சுத்தமான எந்தக் கை கலந்தாலும் பொங்கும்.”

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. அந்த அம்மாள் சிரித்தார். “இத பாக்கெட்டுல போட மாட்டீங்களே” என்றார். பிறகு அமிலம், காரம், குளோரின் என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார்கள். மறந்துபோயிருக்கும் என்று இவள் பயந்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. கடைசியில், “ஆள் உடனே வேணும். திங்கக்கிழமை வந்து சேர முடியுமா?” என்றார்கள்.

“முடியும்” என்றாள். யாரையும் கேட்காமல் சொன்னாள்.

திரும்பும்போது தடுப்பு போட்டுவிட்டார்கள். ஸ்கூட்டரை ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொன்னார் போலீஸ்காரர். குறுக்கு வழியாகக் குபேர லிங்கம் பக்கம் போனால் வீடு கிட்டத்தில்தான். ஆனால் வருகிற கூட்டத்துக்கு எதிராக நடக்க வேண்டும். நாலடி வைத்தாள். “எதிர்த்தாப்ல வராதம்மா, சுத்தித்தான் போவணும்” என்று ஒரு பெரியவர் அதட்டினார். ஓரமாக ஒதுங்கி யோசித்தாள். போனில் வளவனின் அழைப்புகள் வரிசையாக நின்றன. போனை அணைத்துப் பையில் போட்டாள். கூட்டம் போகிற திசையில் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். பெரிய சுற்று, கோபுர வாசல் வழியாக மலையின் அந்தப் பக்கமெல்லாம் தாண்டித்தான் வீடு.

வெயில் மண்டையைப் பிளந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். யாரோ மோர் கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தாள். வழியோரக் கடைகளில் ஆவி பறக்க இட்லி வெந்துகொண்டிருந்தது. கிழித்துப் போட்ட பாக்கெட்டுகளில் அவள் கை தரையெங்கும் கிடந்தது. ஒருவர் அதை மிதித்துக்கொண்டு போனார். அவளுக்கு அது வருத்தமாகவே இல்லை. சந்தோஷமாக இருந்தாள், அவ்வளவுதான். இன்றைக்கு மாவு பொங்கியிருக்கும், எல்லாரும் பார்த்திருப்பார்கள், இனி எதையும் தான் வாயால் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தபோது அவளை அறியாமல் நடை வேகமெடுத்தது.

கொட்டகை வாசலில் ஆள் கூடியிருந்தது. உள்ளே ஒரே வெள்ளை. வெயிலுக்கு மாவு நேரத்துக்கு முன்பே எழும்பி, குளிர் அறைக்குள் தள்ள முடியாமல், டிரம்முக்கு டிரம் மூடியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரையில் வழிந்துகொண்டிருந்தது. பூட்டை உடைக்க வளவன் ஆள் கூப்பிட்டிருக்கிறான். கூட்டத்தைத் தாண்டி அந்த ஆள் வந்து சேரவில்லை. முழங்கால் வரை மாவோடு வளவன் வாளியில் அள்ளிக்கொண்டிருந்தான். இளஞ்செழியன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பரவசம்.

அவளைக் கண்டதும் ஜோதியம்மாள் ஓடி வந்தாள். திட்டப் போகிறாள் என்று சிந்துஜா நின்றாள். கிழவியின் கண்ணில் தண்ணீர்.

“பாருடி, பாரு! பொங்கி வழியுது! இத்தினி வருஷத்துல இப்படிப் பொங்கி நான் பாத்ததில்ல!”

“அத்த, நான் கலக்கவே இல்ல. எல்லாம் ஹபீபு அக்கா கலந்தது.”

“கலக்குனது அவதான், யாரு இல்லன்னா? போவும்போது நீ டிரம்மு மேல கைய வெச்சுட்டுப் போனியே, நான் பாத்துக்கினுதான இருந்தேன். தொட்டதுக்கே இப்படின்னா கலந்திருந்தா மலை மேலயே ஏறியிருக்கும்.”

“செருப்பு போடப் புடிச்சேன் அத்த. அது வெறும் டிரம்மு. இதுக்கு முன்னாடி பொங்காததுக்குக் காரணம் வேற. இவரு அதையெல்லாம் எடுத்துக் கூல் ரூம்ல வெச்சாரு. கேளுங்க.”

எல்லாரும் வளவனைப் பார்த்தார்கள். அவன் கையில் வாளி. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மெட்ராஸ்காரர். அவன் ஏதாவது சொல்வதற்குள் ஜோதியம்மாளே சிரித்துவிட்டாள்.

“அவன் எதுக்குடி தன் மாவத் தானே கெடுத்துக்கப் போறான்? எந்த யாவாரியாச்சும் செய்வானா?”

கூட்டமும் சிரித்தது. நியாயமான கேள்விதானே. இளஞ்செழியன் போனைத் தாழ்த்தி, “மேடம் ரொம்ப அடக்கம்” என்றார்.

கண்ணெதிரே உண்மை வழிந்து ஓடுகிறது, கால் விரலெல்லாம் நனைகிறது, ஒருவருக்கும் அது தெரியவில்லை. கடைசியாக ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. ஹபீபுன்னிசா குழாயடியில் கை கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். சிந்துஜா போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

“அக்கா, நீங்க சொல்லுங்க. உங்க கைதான், நான் தொடலன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

ஹபீபுன்னிசா அவளைப் பார்த்தாள். பாசமாகத்தான் பார்த்தாள். பிறகு கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

“சொல்ல மாட்டேன் சிந்துமா.”

“ஏன்க்கா? உங்களுக்குப் பேரு கெடைக்கும்.”

“கெடைக்கும். நாளையிலேர்ந்து என் கையும் ராசின்னு ஆயிடும். அப்பறம் நாலு மணிக்கு என்ன யாரு வூட்டுக்கு அனுப்புவாங்க? உன்னப் பாத்துக்கினுதான இருக்கேன் இத்தினி வருஷமா.”

ஆணியில் தொங்கிய பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பி, “மன்னிச்சுக்கோமா” என்றாள். கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி நடந்து போய்விட்டாள். சிந்துஜாவுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது, வயிறு எரிகிற மாதிரி வந்தது.

வளவன் பக்கத்தில் வந்து நின்றான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “போன இடத்துல என்ன ஆச்சு?” என்றான்.

“கெடைச்சிருச்சு. திங்கக்கிழமை சேரணும். நான் போறேன்.”

அவன் தலையசைத்தான். சண்டை போடுவான் என்று அவள் கையை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவன் நிஜமாகவே சந்தோஷப்பட்டான், அதுதான் கொடுமை. மாவு படிந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்று பேனாவை எடுத்தான்.

“தாராளமா போ சிந்து. விடிகாலையில எல்லா டிரம்மையும் ஒரு தடவ தொட்டுட்டுப் போ. சாயந்தரம் வந்து ஒரு தடவ. கலக்குறத ஆளுங்க பாத்துக்குவாங்க. தொட்டாலே போதும்னு அம்மாவே சொல்லிட்டாங்க, அவரும் அத வீடியோ எடுத்துக்கிட்டாரு. இப்படின்னா கீழ்பென்னாத்தூர்லயும் ஒரு யூனிட் போடலாம். ஞாயித்துக்கிழமை உனக்கு ஆபீஸ் லீவுதான?”

கலக்குதல் என்பதை அழித்துவிட்டுத் தொடுதல் என்று எழுதினான். எதிரே சிந்து என்ற பெயர் அப்படியே இருந்தது. அந்தப் பெயரை மட்டும் அவன் அழித்து எழுத வேண்டியிருக்கவில்லை.

“சாவியக் குடு” என்றான்.

“என்கிட்டயே இருக்கட்டும்” என்றாள்.

அவன் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றான். அதற்குள் கிரைண்டரிலிருந்து அடுத்த மாவு இறங்கிவிட்டது. விடியற்காலைக் கடைகளுக்கு அது போயாக வேண்டும். இளஞ்செழியன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிரம்முக்குப் பக்கத்தில் தயாராக நின்றார். ஜோதியம்மாள் அவசரமாகக் காப்பி ஆற்றிக்கொண்டு வந்து, மருமகள் வாயருகில் நீட்டினாள்.

“ஒரு வா குடிச்சுட்டுத் தொடு கண்ணு. காலையிலேர்ந்து வெயில்ல சுத்தியிருக்கே.”

சிந்துஜா காப்பியைக் குடித்தாள். வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.